சாவுச் செய்தி சொன்னவரின் சாவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

எங்கள் கொள்ளுத் தாத்தா இறந்துவிட்டார் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். இருந்திருந்தால் இன்றைக்கு அவருக்கு நூற்றிருபது வயது தாண்டியிருக்கும். அவர் உயிரோடு இல்லை என்பதில் எதிரே உட்கார்ந்திருந்த அலுவலருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. ஆனாலும் கேட்டார். "முனியன் இறந்ததற்கு இறப்புச் சான்றிதழ், அவர் மகன்தான் உங்கள் தாத்தா என்பதற்கு வாரிசுச் சான்றிதழ், இரண்டையும் கொண்டாங்க. அப்புறம் மனுவைப் பார்க்கலாம்" என்றார். மூன்று வருடங்களாக அந்த இரண்டு காகிதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

விவகாரம் நிலம். செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் சேரிக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டி ஒன்றே முக்கால் ஏக்கர். 1920களில் கொள்ளுத் தாத்தாவுக்கு அரசு கொடுத்த பஞ்சமி நிலம். பழைய பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே, குறிப்புக் கலத்தில் 'டி.சி.' என்று எழுதியிருக்கிறது. 1979க்கும் 1987க்கும் இடையில் யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது அந்த நிலம் ஊர்த்தெருக்காரர் ஒருவரின் பெயருக்குப் போனது. எப்படிப் போனது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. காகிதம் கேட்கப்படுவது எங்களிடம்தான்.

பஞ்சமி நிலத்தின் கதை இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். தரிசு நிலத்துக்குச் சேரிக்காரர் மனுப் போட்டால் மிராசுதாரர்கள் எப்படித் தடுக்கிறார்கள் என்பதை அரசுக்கு எடுத்துச் சொன்னார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணையைத் தொடர்ந்து நிலம் வழங்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதவருக்குக் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. சென்னை மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்பது ஒவ்வொரு சேரிக்கும் தெரியும். 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்காகத்தான் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

அன்றைக்குத் துப்பாக்கி. இன்றைக்கு எங்கள் மனுவை நிறுத்தி வைத்திருப்பது ஒரு படிவம். அதில் 'மூதாதையர் விவரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.

முதலில் வீட்டில் விசாரித்தேன். ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. முனியனின் மருமகள் அவர். "மாமா செத்தது எந்த வருசம் ஆயா?" என்று கேட்டால் வருடம் சொல்லத் தெரியாது. ஆனால் தயங்காமல் சொன்னார்: "நேரு செத்தாருல்ல, அதுக்கு அடுத்த ஆடி. ஏரியில பொட்டுத் தண்ணி இல்ல. பொதைக்கிறதுக்குப் பள்ளம் வெட்ட மண்ணு எறங்கல. உங்க பெரியப்பன் அப்ப எங் கையில நாலு மாசப் புள்ள." நேரு இறந்தது 1964 மே 27. அடுத்த ஆடி என்றால் ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதிக்குள். ஒரு மனிதரின் சாவை ஒரு மாதத்துக்குள் நிறுத்திச் சொல்கிறார், பள்ளிக்கூடமே பார்க்காத ஒரு பெண். இது சாட்சியம் ஆகாதாம்.

சரி, சர்க்கார் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்ப்போம் என்று கிளம்பினேன்.

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இலேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது நடப்பில் இருக்கும் மையச் சட்டம் 1969இல் வந்தது. ஆகவே 1964இல் ஒரு கிராமத்தில் சாவைப் பதிவு செய்ய ஏற்பாடு இல்லாமல் இல்லை. பதிவேடு கிராம முன்சீப் வீட்டில் இருந்தது. முன்சீப், கர்ணம் எல்லாம் பரம்பரையாக வந்த பதவிகள். தாத்தாவுக்குப் பின் அப்பா, அப்பாவுக்குப் பின் பிள்ளை. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை எங்கள் ஊரில் பேனா ஒரே வீட்டில்தான் இருந்தது. பதிவேடு அந்த வீட்டுத் திண்ணையில். எங்கள் ஆட்கள் அந்தத் திண்ணைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. குழந்தை பிறந்த ஏழாம் நாள் அங்கே போய் நின்று, ஐயா கவனிக்கும்வரை காத்திருந்து, பெயர் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். அன்றைய கூலி போகும். எத்தனை பேர் போயிருப்பார்கள்?

பழைய ஏடுகள் இப்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கின்றன. பல நடை நடந்து எங்கள் கிராமத்தின் 1964ஆம் ஆண்டு ஏட்டைப் பார்த்தேன். கரையான் கொஞ்சம் தின்றிருந்தது, ஆனால் எழுத்து தெளிவு. ஊர்த்தெருச் சாவுகள் வரிசையாக இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, காரணம். சேரிச் சாவு என்று ஆண்டு முழுக்க இரண்டே வரி. இரண்டிலும் தகப்பன் பெயர் இல்லை. ஒன்றில் பெயரும் இல்லை, சாதிப் பெயரோடு 'ஸ்திரீ, சுமார் 40, ஜுரம்' என்று முடிந்துவிட்டது. ஆடி மாதத்தில் முனியன் இல்லை. ஆனியிலும் இல்லை, ஆவணியிலும் இல்லை.

ஏட்டை மூடப் போகும்போதுதான் கடைசிக் கலத்தைக் கவனித்தேன். செய்தி சொன்னவர் யார் என்பதற்கான கலம். ஜனவரியிலிருந்து ஊர்த்தெருச் சாவு ஒவ்வொன்றுக்கும் நேரே அந்தக் கலத்தில் 'வெட்டி முனியன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை. மை பரவிய, சற்றே சாய்ந்த ரேகை. 1963 ஏட்டை வாங்கிப் பார்த்தேன், அதிலும் அதே ரேகை. 1962லும் அதே. ஊரில் யார் செத்தாலும் முன்சீப் வீட்டுக்குச் செய்தி கொண்டுபோவது, உறவினர் ஊர்களுக்குச் சாவு சொல்லப் போவது, பறையடிப்பது, குழி வெட்டுவது எல்லாம் அவர் வேலை என்று ஆயா சொல்லியிருக்கிறார். அந்த வேலையின் தடயம் வருடக் கணக்காக அந்த ஏட்டில் இருக்கிறது. 1964 ஜூலை முதல் வாரத்தில் கடைசி ரேகை. ஆகஸ்ட் கடைசியில் அடுத்த சாவு பதிவாகிறது. அங்கே வேறு பெயர், வேறு ரேகை.

ஆயா சொன்ன ஆடி சரியாக அந்த இடைவெளிக்குள் விழுகிறது.

அந்தப் பக்கங்களின் நகலோடு மறுபடி போனேன். "இதுல அவர் செத்ததா எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வது சரிதான். 'பதிவு இல்லை' என்று ஒரு சான்று வாங்கி, காலம் கடந்த பதிவுக்கு நடுவரிடம் மனுப் போட்டு, உத்தரவு பெற்று, அதை வைத்து வாரிசுச் சான்றுக்குப் போக வேண்டும். மூன்று தலைமுறைக்கு வாரிசுச் சான்று நாங்கள் தர மாட்டோம், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருக்கிறார்கள். இவ்வளவுக்கும் அடிப்படை ஒரு வரி. அந்த வரியை எழுதியிருக்க வேண்டியவர் அரசின் ஆள். எழுதத் தவறிய கட்சியே, எழுதப்படாததற்கு எங்களிடம் விளக்கம் கேட்கிறது.

இன்னொரு ஏடும் இருக்கிறது. அதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. எழுதுகிறேன்.

செங்கல்பட்டுப் பகுதியில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ போன்றவர்கள் சேரி மக்களுக்கு நிலம் வாங்கித் தருவதற்காக உழைத்தார்கள் என்பது வரலாறு. மிஷன்காரர்கள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனி ஏடு வைத்திருந்தார்கள். அப்படி ஓர் ஏட்டில், எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோயிலில், கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடித்தேன். ஒன்பது வயதுச் சிறுவனாக. தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், எல்லாம் இருக்கிறது. முன்பெயர் முனியன், புதுப்பெயர் ஞானமுத்து. எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. வளர்ந்த பின் அவர் மறுபடி முனியனாகவே வாழ்ந்து, அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பறையடித்து, முனியனாகவே செத்தார். ஆனால் அவருடைய தாயின் பெயரை இந்த உலகில் எழுதி வைத்த ஒரே இடம் அந்த ஏடுதான். அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தபோது எனக்குக் குரல் வரவில்லை.

பெரியப்பாவிடம் காட்டினேன். ஒரு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "இத வெளிய எடுக்காதம்மா. உங்க அண்ணன் வேலைக்கு அப்ளை பண்ணிருக்கான். கிறிஸ்டியன் குடும்பம்னு எவனாவது மொட்டக் கடுதாசி போட்டான்னா சர்ட்டிபிகேட்டு போயிடும்."

அவர் பயப்படுவதில் தப்பில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் அல்லர் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத் தலித்துகளுக்கு இன்றைக்கும் கதவு மூடியே இருக்கிறது. ஆக, எங்கள் வம்சத்தை எழுதி வைத்த ஏடு எங்கள் சாதிச் சான்றிதழுக்குப் பகை. சாதிச் சான்றிதழுக்கு ஒத்துப்போகிற ஏட்டில் நாங்களே இல்லை. நிலத்துக்கு ஒரு கொள்ளுத் தாத்தா, வேலைக்கு வேறொரு கொள்ளுத் தாத்தா என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது இந்தச் சட்டம். அந்த நகல் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.

நம்மைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட அரசு ஏடுகளே இல்லையா என்றால், உண்டு. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றியபோது எழுதினார்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கு மட்டும் 1,52,000 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாக. அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை இருக்கிறது. செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து போனவர்களில் எத்தனையோ முனியன்கள். அவர்களில் எங்கள் ஆள் யாராவது உண்டா என்று ஒரு இரவு முழுக்கப் பார்த்தேன். ஓடிப்போனால் பிடித்து வருவதற்கு அடையாளம் வேண்டுமே, அதனால் இடது முழங்காலின் தழும்பு வரை கவனித்து எழுதியிருக்கிறார்கள். உடம்பு சரக்காக இருந்தபோது பதிவு துல்லியம். அதே உடம்புக்கு நிலத்தில் உரிமை என்று வரும்போது ஒரு வரியும் இல்லை.

மூதாதையரைக் காட்டு என்ற கேள்வி ஒரு மக்கள் கூட்டத்தையே என்ன செய்யும் என்பதற்கு இலங்கை மலையகம் சாட்சி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது. தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று எங்கே இருந்தது? செக்ரோலில் பேர் ஏற்றிக் கூலி பிடித்தார்களே தவிர, பூட்டன் பிறந்த தேதியை எவன் எழுதினான்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்துச் சேரிகளிலிருந்து போனவர்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டுக்கொண்டார்கள். எங்கள் கொள்ளுத் தாத்தா செத்த அதே வருடம்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023 திருத்தத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து வாக்காளர் பட்டியல், அரசு வேலை வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு வீட்டுக்கு வந்த படிவம், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் நீயோ உன் உறவினரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தீர்கள் என்று கேட்டது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போய்வருகிற இருளர் குடும்பம் எந்த வரிசை எண்ணைச் சொல்லும்? தகப்பனின் சாதிச் சான்றைக் கொண்டுவா என்று சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதை எத்தனை வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் நம் தோழர்களிடமே ஒரு வருத்தம் சொல்ல வேண்டும். மூதாதையரைத் தேடுகிறேன் என்றதும் இரண்டு விதமான பதில் வருகிறது. "வம்சாவளி பார்ப்பதே பார்ப்பனிய வேலை, நமக்கு எதற்கு?" என்பது ஒன்று. "தேடு, நாமும் ஆண்ட பரம்பரைதான் என்பதற்கு ஆதாரம் கிடைக்கும்" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கோத்திரமும் பங்கும் போட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட பிராமணர்களின் பெயரைப் பட்டியலிடும் கரந்தைச் செப்பேடு இருக்கிறது. தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் இருக்கிறது, சுடுகாட்டோடு சேர்த்து, வரி இல்லாத இடம் என்று கழிப்பதற்காக. அந்தக் கழித்த இடத்திலிருந்து ஒரு ராஜாவைத் தோண்டியெடுத்து எனக்கு என்ன ஆகப் போகிறது? எனக்கு வேண்டியது சாவு சொல்லப் போன முனியன். அவருடைய ஒன்றே முக்கால் ஏக்கர்.

வம்சாவளி வேண்டாம் என்கிற தோழருக்கும் அதையேதான் சொல்வேன். அவர்களுக்கு வம்சாவளி பெருமை. நமக்கு அது வழக்குக் கட்டு.

அரசு செய்ய வேண்டியது ஒன்றும் புதிரல்ல. பஞ்சமி நிலக் கோரிக்கைகளில் நிரூபிக்கும் பொறுப்பை இன்று நிலத்தை வைத்திருப்பவர் மேல் போட வேண்டும். ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குக் கொடுத்தது உனக்கு எப்படி வந்தது என்று அவர் விளக்கட்டும். பழைய நிலப் பதிவேடுகளையும் கிராமப் பிறப்பு இறப்பு ஏடுகளையும், எங்களை நடையாய் நடக்க விடாமல், அலுவலர்களே தேடி எடுத்துத் தர வேண்டும். அவற்றை மின்னணுவாக்கிப் பொதுவில் வைக்கலாம், ஊர் இழிசொற்களோடு எழுதிய பெயர்கள் வெளியே வருமே என்ற கவலை எனக்கு இல்லை, அவமானம் எழுதியவனுக்குத்தான். ஏட்டில் இல்லாத சாவுக்கு ஆயா மாதிரி மூத்தவர்கள் இருவரின் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க வேண்டும். கிறித்தவ ஏட்டைக் காட்டினால் சாதிச் சான்று போகும் என்ற பயம் 1950 ஆணையின் மூன்றாம் பத்தி ஒழியும்வரை ஒழியாது.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் உருப்படியாகக் கிடைத்த குடும்ப ஆவணம் எது தெரியுமா? அத்தையின் கல்யாண மொய் நோட்டு. 1970களில் நடந்த கல்யாணம். எங்கேயும் பதிவு செய்யவில்லை. ஆனால் நாற்பது பக்க நோட்டில் ஊர், தெரு, பெயர், இன்னார் மகன் இன்னார், ரெண்டு ரூபா, அஞ்சு ரூபா என்று எங்கள் சொந்தம் முழுக்க இருக்கிறது. அதில் ஒரு வரியில் எங்கள் தாத்தா பெயருக்கு முன்னால் 'வெட்டியார் முனியன் மகன்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். ஊரில் 'வெட்டி' என்றவரை அங்கே 'வெட்டியார்' ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மொய் நோட்டு இருக்கும், கருமாதிப் பத்திரிகை இருக்கும், ரேஷன் கார்டு இருக்கும். எலி தின்பதற்குள் படம் எடுத்து வையுங்கள். ஆயா, தாத்தா இருந்தால் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். வருடம் கேட்காதீர்கள். அந்த வருசம் மழை எப்படி, யார் கைக்குழந்தை, எந்தத் தலைவர் செத்தார் என்று கேளுங்கள்.

போன மாதம் ஆயாவின் வாக்குமூலத்தை நோட்டரி முன்னால் எழுதி வாங்கினோம். 'முனியனின் மருமகள்' என்று எழுதி, முனியனின் மனைவி பெயர் என்ன என்று கேட்டார் எழுதுகிறவர். பதிவேட்டில் 'முனியன் பெண்சாதி' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆயா சொன்னார்: "குப்பாயி. என்னய தலப் பிரசவத்துக்குப் பாத்தது அவங்கதான். நல்லா எழுதுப்பா, குப்பாயி."

எழுதினார். பின் ஆயாவின் இடது பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கி, காகிதத்தில் உருட்டினார். விசாரணைக்கு இன்னும் தேதி போடவில்லை.